ஒன்பது வீடுகளில் சொன்ன பொய்

கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) அறைக்கு வெளியே நீளமான வராண்டா. பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். குடலைக் கழுவும் மருந்தை எல்லோரும் குடித்தாயிற்று. வராண்டாவின் கடைசியில் கழிப்பறை ஒன்றே ஒன்று.

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களை இப்படியோர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் எழுந்தார். அதே நேரத்தில் எதிர் நாற்காலிப் பெண்மணியும் எழுந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க போங்."

"இல்லீங், நீங்கதான் மொதல்ல எந்திரிச்சீங்க."

"எனக்கொண்ணும் அவசரமில்லீங். சும்மாதான் எந்திரிச்சேன்."

இரண்டு பேர் நெற்றியிலும் வியர்வை. இரண்டு பேரும் நகரவில்லை. அவர்களுக்கு நடுவே புகுந்து நான் ஓடினேன்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர், "என்ன தொந்தரவுங்க?" என்று கேட்டார். "சும்மா ஒரு செக்கப்புங்க" என்றேன். "எனக்கும் அதேதானுங்க" என்றார். அவர் மடியிலிருந்த கோப்பு என்னுடையதைப் போல மூன்று மடங்கு தடிமன்.

அந்த யோசனை அப்போதுதான் வந்தது. பதினோரு பேரும் ஒரே மாதிரியான தொல்லைக்கு வந்திருக்கிறோம். பதினோரு பேரும் பக்கத்தில் இருப்பவரிடம் மறைக்கிறோம். இவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்து வாய் திறக்க வைத்தால் என்ன? என் பெயரைக் கூப்பிடுவதற்குள் போனில் குழுவின் பெயர், மூன்று வாசகங்கள், சுவரொட்டிக்கு என்ன நிறம் என்பது வரை எழுதிவிட்டேன். மயக்க ஊசி போட்ட நர்ஸிடமும் குழுவில் சேரச் சொன்னேனாம். அவர் வெளியே வந்து அம்மாவிடம், "பொண்ணு எலக்ஷன்ல நிக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வேகத்தில் பாதி இப்போது இல்லை. அதே மாதிரி வராண்டாவில் இன்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக, மிச்சமிருக்கும் பாதியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நான் கிராம நிர்வாக அலுவலர். வி.ஏ.ஓ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பொறியியல் படித்துவிட்டு, தேர்வு எழுதி, காங்கேயத்துக்குத் தள்ளி ஒரு கிராமத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் கருமத்தம்பட்டி. வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. கிராமத்தில் சேர்ந்த முதல் வாரமே அப்பா பெயர், தாத்தா பெயர், கல்யாணம் செய்துகொள்ளும் வகையறா எல்லாவற்றையும் ஊர் விசாரித்து முடித்துவிட்டது. நான் நிலம் வைத்திருக்கும் சாதிக்காரப் பெண் என்று தெரிந்ததும் தோட்டத்து வீடுகளில் 'மேடம்' போய், வீட்டுப் பெண்ணைக் கூப்பிடும் 'அம்மணி' வந்தது.

முதல் அறிகுறி அப்போதே இருந்தது. காலையில் வயிறு முறுக்கும். ஒரு தடவை போய்விட்டு வந்தால் சரியாகிவிடும். பிறகு மூன்று தடவை ஆனது. ஒரு நாள் கழிப்பறைப் பீங்கானில் சிவப்பாக ஏதோ. முந்தைய நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பீட்ரூட் சாப்பிடவில்லை. அன்றைக்கும் சிவப்பு.

அம்மாவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "சூடு கண்ணு. வெயில்ல வண்டியோட்டிட்டுச் சுத்தறீல்ல, அதான்" என்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். அதற்கும் நிற்காதபோது சித்தி வந்து மூலம் என்றார். மூலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டேன். ஆறு மாதம் இப்படியே போனது. படித்தவள்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். ரத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதற்கு நீங்களாக ஒரு பெயரும் வைக்காதீர்கள். போய்க் காட்டுங்கள். இந்தக் கட்டுரையில் அறிவுரை என்று சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

எடை ஒன்பது கிலோ குறைந்த பிறகு கோவைக்குப் போனேன். டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். அந்தச் சோதனையில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். பெருங்குடலின் உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டுமாம். என்னுடையது சிராய்த்துக்கொண்ட முழங்கால் மாதிரி இருந்தது.

"அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்" என்றார். (பெருங்குடலின் உள்தோலில் அழற்சியும் புண்ணும் வரும் நெடுநாள் நோய். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குவதால் வருகிறது. ஒட்டாது.)

"எத்தனை நாள்ல சரியாகுங்க?"

"அடங்கும். மருந்து எடுத்துக்கிட்டா பல பேருக்கு நல்லாவே அடங்கும். ஆனா 'முடிஞ்சுபோச்சு'ன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

வி.ஏ.ஓ.விடம் போய் எழுதித் தர மாட்டேன் என்கிறாரே என்று தோன்றியது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு எழுதித் தருவதுதானே என் வேலை. இன்னார் இந்த ஊரில் வசிக்கிறார், இன்னாருக்கு இன்ன வருமானம். எல்லாச் சான்றிதழுக்கும் ஒரு முடிவு உண்டு.

மெசலமைன் (குடலின் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை), அதோடு ஸ்டீராய்டு (அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து, திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்). நோய் அடங்கும்வரை பால் வேண்டாம், வெளித்தண்ணீர் வேண்டாம் என்றார். பால் எல்லோருக்கும் ஆகாது என்றில்லை. எனக்கு ஆகவில்லை. அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

என்னைக் கிராமத்தில் விடக் காரில் வந்த அம்மா, அவினாசி தாண்டியதும் சொன்னார்: "ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. வர்ற ஜாதகமும் நின்னுபோகும்."

சரி என்றேன். அதே நேரத்தில் வாட்ஸப்பில் குழுவும் தொடங்கினேன். வராண்டாவில் எண் வாங்கியவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். தினமும் காலையில் ரோஜாப்பூ படமும் 'இனிய காலை வணக்கம்' என்ற வரியும் வந்தன. மாத்திரை பற்றி நான் கேட்ட கேள்விக்கு ஒருவர் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார். நோயின் பெயரை யாரும் எழுதவில்லை. நானும் என் உண்மைப் பெயரைப் போடவில்லை.

இனி நடந்ததற்கு இந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சொம்பில் தண்ணீர் வரும். அப்புறம் காபியோ மோரோ. அதைத் தொடாமல் எழுந்தால் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். அடங்கல் என்னும் பயிர்க்கணக்கு எழுத, எல்லை பார்க்க, விசாரிக்க என்று ஒரு நாளைக்கு ஐந்து வீடு போகிறேன் என்றால் ஐந்து காபி. வேலையில் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வயிறு கெட்டது அதனால்தானோ என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார். ஆனால் அதற்குமேல் ஒரு வாய்கூட வேண்டாம் என்றார்.

'வேண்டாம்' என்பதற்கு எங்களிடம் ஒரு மரியாதையான வாக்கியம் தயாராக இருக்கிறது: "இப்பத்தானுங்க குடிச்சேன்." பொய் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். யாரும் தோண்ட மாட்டார்கள்.

மருந்து தொடங்கிய மூன்றாவது வாரம் காலனியில் வீட்டுமனைப் பட்டா விசாரணை வந்தது. காலனி என்றால், பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் ஊருக்கு வெளியே குடியிருக்கும் இடம். கிராம உதவியாளர் பழனிச்சாமி அண்ணனும் நானும் வீடு வீடாகப் போனோம். அன்று காலையில் மட்டும் ஏழு தடவை கழிப்பறைக்குப் போயிருந்தேன். தோள்பையில் கொதிக்கவைத்த தண்ணீர் பாட்டில்.

முதல் வீட்டில் டீ வந்தது. "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்றேன். இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னேன். ஒன்பது வீடு. நான்காவது வீட்டில் தண்ணீர் சொம்பை நீட்டினார்கள். அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் பாட்டிலைத் திறந்து குடித்தேன். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கழிப்பறை எந்த வீட்டில் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் மண்டையில் இல்லை.

அடுத்த வாரம் மீதி வீடுகளைப் பார்க்கப் போனபோது ஒருவரும் ஆதார் அட்டையைக்கூட எடுத்து நீட்டவில்லை. மகளிர் குழுத் தலைவி மல்லிகா அக்கா வாசலுக்கு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கணீரென்ற குரல்.

"மேடத்துக்கு டீ போடட்டுங்களா? இல்ல, இப்பத்தான் குடிச்சீங்களா?"

உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அந்த பாட்டில்ல இருக்கறது என்னங்க மேடம், கங்கைத் தண்ணியா? எங்க கொழாயிலயும் அதே ஆத்துத் தண்ணிதான் வருது."

அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. தோட்டத்து வீடுகளில் உபசாரமாகப் போய்விடும் அந்த வாக்கியம் இவர்கள் காதில் காலங்காலமாக வேறு அர்த்தத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. இவர்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மனமில்லாத ஒவ்வொருவரும் இதே பணிவோடு, இதே சிரிப்போடு இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் ஒன்பது முறை சொன்னேன்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் என் மேல் மனு போனது. தாசில்தார் கூப்பிட்டார்.

"என்னம்மா, தண்ணி வாங்கிக் குடிக்கலையாமா?"

மருத்துவமனைச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். படித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இதை முன்னாடியே சொல்றதில்லையா? ஜெராக்ஸ் வெச்சு ஒரு பதில் எழுதிக் குடுங்க. மனுவை முடிச்சுடலாம். காலனிக்காரங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க வேண்டாம். ரகசியமாவே இருக்கட்டும்."

வெளியே வேப்பமரத்தடியில் பழனிச்சாமி அண்ணன் இன்னொரு வழி வைத்திருந்தார். "ஒரே ஒரு டம்ளர் குடிச்சுப்போடுங்க அம்மணி. நான் போட்டோ எடுத்து ஊர் குரூப்ல போட்டுடறேன். சோலி முடிஞ்சுது."

இரண்டுமே சுலபம். முதலாவதில் மனு முடிந்துவிடும். காலனியில் எனக்கு ஒரு கதவும் திறக்காது. அங்கே கதவு திறக்காவிட்டால் முப்பத்துச் சொச்சம் குடும்பத்துக்கு மனை விசாரணை இழுத்துக்கொண்டே போகும். நான் மாற்றல் வாங்கிப் போய்விடலாம். அவர்கள் எங்கே போவார்கள்? இரண்டாவது வழியில் டீயைக் குடித்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, நான் எங்கே ஓடுவது?

பதில் எழுதாமல் நான்கு நாள் ஓட்டினேன். கோபத்தில்தான் பெரும்பாலும் இருந்தேன். உடம்புக்கு முடியாதவளைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று. சோர்வு எப்போதும் நம்மையே பாதிக்கப்பட்டவராகக் காட்டும். இதுவும் இந்த நோயோடு வருவதுதான். யாரும் அடைப்புக்குறி போட்டு விளக்குவதில்லை.

வியாழக்கிழமை மதியம் மகளிர் குழுக் கூட்டம் என்று தெரிந்து தனியாகப் போனேன். பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மரியாதைக்கும் நாற்காலிதான், தள்ளி வைப்பதற்கும் நாற்காலிதான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓட நேரமாகும்.

எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குக் கொடல்ல புண்ணுங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை வெளிய போகுது. ரத்தமா போகுது. பால் குடிச்சா அரை மணி நேரத்துல ஓடணும். கொதிக்கவெக்காத தண்ணி ஆகாது. அன்னிக்கு இப்பத்தான் குடிச்சேன்னு சொன்னது பொய்யிங்க. ஒடம்பைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அருவருப்பா என்று தெரியவில்லை. என் காது சூடாகியிருந்தது.

மல்லிகா அக்கா நோட்டை மூடி வைத்தார்.

"செரிங்க மேடம். பொய்யின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மொத நாளு சாமிநாதன் தோட்டத்துல மோர் குடிச்சீங்க. என்ற அண்ணன் அங்க தேங்கா உரிச்சுட்டிருந்தாரு, பாத்தாரு. அது எந்தக் கொடலுக்குப் போச்சு?"

அது உண்மை. சாமிநாதன் என்பவர் பெரிய தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரர். அப்பாவுக்குத் தூரத்து உறவு. "வெயில்ல வந்திருக்கற, குடி அம்மணி" என்று அவரே டம்ளரை நீட்டினார். எனக்கு ஆகாது என்று தெரியும். அரை டம்ளர் குடித்தேன். அதற்கான விலையைத்தான் மறுநாள் காலை ஏழு தடவையாகக் கொடுத்துவிட்டுக் காலனிக்கு வந்தேன்.

"அங்க வேண்டாம்னு சொல்லப் பயமா இருந்துச்சுங்க்கா."

"எங்ககிட்டச் சொல்லப் பயமில்ல."

"ஆமாங்க, பயமில்லீங்க."

நோய் நிஜம். அந்த ஒன்பது வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல் தடங்கலில்லாமல் வாயில் வந்ததும் நிஜம். மருத்துவச் சான்றிதழ் முதலாவதற்குத்தான் சாட்சி சொல்லும். இரண்டாவதை நானேதான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போதுதான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

மல்லிகா அக்கா என்னை மன்னித்ததாக நான் எழுத மாட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. "இதையாச்சும் சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான். மற்றவர்களைப் பார்த்து, "மனையளக்க வந்தா கார்டைக் குடுங்க. டீ வெக்காதீங்க, பாவம், ஓடணுமாமா" என்றார். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கிளம்பும்போது வாசல்வரை கூட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தம்னா எப்பிடிங்க மேடம்? சொட்டுச் சொட்டாவா? இல்ல, சளி மாதிரி கலந்தா?"

மருத்துவமனைக்கு வெளியே இந்தக் கேள்வியை என்னிடம் யாருமே கேட்டதில்லை. இவ்வளவு துல்லியமாக டாக்டரம்மாதான் கேட்பார்.

"கலந்துதானுங்க. ஏனுங்க்கா?"

"என்ற ஊட்டுக்காரருக்கும் ரெண்டு வருசமா அப்பிடித்தான் போகுது. துணி தொவைக்கறவ நானுதான், எனக்குத் தெரியாதா. மூலம்னு சொன்னாரு. களத்து வேலையையும் உட்டுப்போட்டு ஊட்டுலயே படுத்துக் கெடக்கறாரு. சோம்பேறின்னு நான் பேசாத பேச்சில்ல."

அவர் கணவர் ராசன் கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தவர். தேங்காயை உடைத்து வெயிலில் காயப்போடும் வெட்டவெளி. அங்கே கழிப்பறை இல்லை. ஆண்கள் வேலி மறைவுக்குப் போய்வருவார்கள். ஒரு தடவை போகலாம், இரண்டு தடவை போகலாம். பத்துத் தடவை போகிற ஆள் என்ன செய்வார்? ராசன் அண்ணன் வேலையை விட்டார். காரணத்தைச் சொல்வதைவிடச் சோம்பேறி என்ற பேர் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

எனக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. அந்த வாரமே கோவைக்கு அழைத்துப் போய்விடலாம் என்று நாளெல்லாம் குறித்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். ஐந்து வாரம் இப்படி. மல்லிகா அக்கா திட்டினார், அழுதார், ஒரு நாள் சோறு வைக்காமல் இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

இதற்கிடையில் எனக்கே முடியாமல் போனது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வந்தபோது ஃப்ளேர் (அடங்கிய நோய் மறுபடி கிளம்புவது). காய்ச்சலோடு எட்டு நாள் மருத்துவமனைப் படுக்கை. மருந்தைத் திரும்பக் கூட்டினார்கள். முகம் உப்பிப் பௌர்ணமி நிலா மாதிரி ஆனது (ஸ்டீராய்டின் பக்கவிளைவு, மருந்து குறையக் குறைய வடியும்). வேலைக்குத் திரும்பிய அன்று பழனிச்சாமி அண்ணன், "நல்லாத் தேறிட்டீங்க அம்மணி, மூஞ்சி பூரிப்பா இருக்குது" என்றார். பாவம், அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

அன்று அலுவலக வாசலில் ராசன் அண்ணன் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், சட்டை தொளதொளவென்று. நான் எட்டு நாள் படுத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார்.

"போட்டாங்கண்ணா."

"அந்தக் கேமரா... உள்ள உடும்போது வலிக்குமா?"

"மயக்கம் குடுத்துடுவாங்க. தெரியாது. அதுக்கு முன்னால குடிக்கற மருந்துதான் கொடுமை."

"ஒரு புள்ள பன்னெண்டு பொம்பளைங்க முன்னால நின்னு சொல்லிப்போட்டுது. எனக்கு என்ற பொண்டாட்டிகிட்டச் சொல்ல வாயி வர்லீங்க" என்றார்.

அவரை அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள். அவருக்கும் என் நோய்தான், குடலில் என்னுடையதைவிட அதிக நீளத்துக்குப் பரவியிருந்தது. இரண்டு வருடம் முன்பே வந்திருக்கலாமே என்று அந்த டாக்டர் சொன்னபோது மல்லிகா அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், "எத்தனை பேச்சுப் பேசிப்போட்டேன்" என்றார். பேருந்து வரும்வரை பக்கத்தில் நின்றேன்.

மனை விசாரணை முடிந்து பட்டாக்கள் வந்தன. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. நான் செய்த உபகாரம் ஒன்றுமில்லை. மனுவுக்கு எழுதிய பதிலில் சாமிநாதன் தோட்டத்து மோரையும் சேர்த்து எழுதினேன். தாசில்தார், "இதை எதுக்கும்மா எழுதினீங்க?" என்று தலையில் கை வைத்தார். விளக்கம் கேட்டு மெமோ ஒன்று வந்தது. பணிப்பதிவேட்டில் அது இருக்கும். அம்மாவுக்கு விஷயம் எட்டி, இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் போன் செய்து, "பாலில்லாம வரக்காப்பி எப்பிடிக் கண்ணு குடிக்கற?" என்று கேட்டார். சமாதானம் அந்த வடிவத்தில் வந்தது.

வாட்ஸப் குழுவில் என் பெயரையும் நோயின் பெயரையும் எழுதினேன். அன்றே நான்கு பேர் வெளியேறினார்கள். இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மகளிர் குழுக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். முதல் முறை நானும் ராசன் அண்ணனும் மட்டும். இரண்டாம் முறை மூட்டுவாதக்காரப் பெண் ஒருவர் வந்தார். குடல் நோய்க்காரர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டார். இல்லை என்றோம். தீராத நோயோடு வேலைக்குப் போகிற யாரும் வரலாம். ஊக்கமூட்டும் பேச்செல்லாம் அங்கே கிடையாது. எந்தப் பேருந்து நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், லீவு எப்படிக் கேட்பது, கட்டியவரிடம் எப்படிச் சொல்வது என்பவைதான் பேச்சு. பாதி நேரம் எல்லோரும் களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது எனக்கு ரெமிஷன் (நோய் அடங்கியிருக்கும் காலம்). ஒரு நாளைக்கு இரண்டு தடவை. முன்பெல்லாம் வருடக்கணக்கில் யோசிப்பேன்: இத்தனையாவது வயதில் துறைத்தேர்வு, இத்தனையில் பதவி உயர்வு. அந்தக் கணக்கு உடம்பில் ஒட்டவில்லை. மருந்தின் அளவு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் மாதத்தின் பெயர். இருபதில் இருந்தபோது மழை பெய்தது, பத்தில் இருந்தபோது தங்கை கல்யாணம். நல்ல காலை ஒன்று கிடைத்தால் அதில் மூன்று நாள் வேலையைத் திணிக்கப் பார்க்கிறேன். அப்படித் திணித்த மறுநாள் படுத்துவிடுகிறேன். இதை நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது களம். எங்கள் கிராமத்திலும் சுற்றிலும் உள்ள கொப்பரைக் களங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு களத்திலும் கழிப்பறை வேண்டும் என்று கேட்கப்போகிறோம். மனு எழுதிக் கொடுப்பதற்கு முன் நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்பது மல்லிகா அக்காவின் யோசனை. முதலில் சாமிநாதனின் களம். ராசன் அண்ணன் முன்பு வேலை செய்ததும் அங்கேதான். சாமிநாதன் மறுப்பார் என்றுதான் நினைக்கிறேன். ராசன் அண்ணன் தானே பேசுவதாகச் சொல்கிறார். அங்கே போய் வாய் வருமா என்று அவருக்கும் தெரியாது.

வரும் திங்கட்கிழமை போகிறோம். நேற்று நான்தான் போன் செய்து நேரம் சொன்னேன். ராசன் அண்ணனுக்கும் எனக்கும் உடம்பு ஒத்துக்கொண்டால் எட்டரைக்கு வருகிறோம், இரண்டில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்தாகும் என்றேன்.

"அதென்ன அம்மணி, ரெண்டு நேரம் சொல்ற?" என்றார் சாமிநாதன்.

"எங்களுக்கு அப்பிடித்தானுங்க" என்றேன். "ரெண்டையும் எழுதி வெச்சுக்குங்க."